தராசு அறியாதது

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கப்படும் இடத்தில் சற்று நேரம் நின்றவர்களுக்குப் பொருளியலின் பெரியதோர் உண்மை நூல் படிக்காமலே விளங்கிவிடும். தராசு எடை ஒன்றையே அறியும். கூடைக்குள் இருப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, முற்றிப்போன இலையும் காம்புமா என்பது அதற்குத் தெரியாது. இலையோடு சேர்ந்து வந்த காலைப் பனியின் பாரம் எவ்வளவு என்பதும் தெரியாது. நிருவாகம் விரும்புவது நல்ல தேயிலைக்குரிய இளங்கொழுந்து. விதியில் எழுதியிருப்பதோ இத்தனை எடைக்கு இத்தனை காசு என்பது. விருப்பத்துக்கும் விதிக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகத்தான் முற்றிய இலை கூடைக்குள் புகுகிறது. துரை இதனை ஏமாற்று என்பார். விதியில் எதை மீறினேன் என்று கொழுந்து கிள்ளியவர் கேட்டால், விதியின் எழுத்தை மட்டும் வைத்து அவருக்கு விடை சொல்வது எளிதன்று.

ஆகையால்தான் தராசின் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றார். கங்காணியோ கிராணியோ கூடைக்குள் கையை விட்டு இலையைப் புரட்டிப் பார்ப்பார். கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று எழுதிக்கொள்வார். இந்தக் கழிவும் குறையற்றதன்று. வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்கு வெட்டினால் கேட்பார் யார்? எடையில் வெட்டு என்னும் முறையீடு தேயிலை விளையும் நாடுகளிலெல்லாம் கேட்ட முறையீடுதான். விதியின் சந்தில் புகுந்து செல்வது கிள்ளுபவருக்கு மட்டும் தெரிந்த வித்தையன்று. தராசுக்குச் சொந்தக்காரரும் அதனை நன்கு அறிவார். வேறுபாடு இருவருடைய வலிமையில் இருந்தது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் இந்தத் தராசு 1929-க்குப் பின் வந்தது. அவ்வாண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையாயிருந்தார். 1933-இல் பாரத் குழுமத்தின் தேயிலைத் தொழிலும் அங்குத் தொடங்கியது. காட்டை அழித்துச் சரிவுகளில் செடி வைத்தவர்களிலும் கொழுந்து கிள்ளியவர்களிலும் தமிழர் பெரும் பங்கினர். இன்று நிலைமை மாறிவிட்டது. சுங்கை பாலாஸ் சரிவுகளில் கத்தரியும், இருவர் பிடித்து நடத்தும் அறுவடை இயந்திரமும் விரலின் வேலையைச் செய்கின்றன. அவற்றைப் பிடித்திருப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். தராசும் கூடையும் பழங்கதையாகி வரும் இந்தக் காலத்தில், அதே தராசுச் சிக்கல் வேறோர் உலகத்தில் பன்மடங்கு பெரிதாகத் தோன்றியிருக்கிறது. அதற்கு மையமில்லா நிதி என்று பெயர்.

வங்கி இல்லை, தரகர் இல்லை, கிராணி இல்லை. கணினி நிரலாக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் பிளாக்செயின் எனப்படும் பொது ஏட்டில் வைக்கப்படுகிறது. அது தானே பணத்தைப் பெறுகிறது. தானே ஈடு வாங்கிக் கடன் கொடுக்கிறது. ஈட்டின் மதிப்பு குறைந்தால் தானே அதனை விற்றுவிடுகிறது. இத்தகைய தானியங்கு ஒப்பந்தம் என்னும் கருத்தை 1990-களில் நிக் சாபோ என்னும் அமெரிக்க அறிஞர் முன்வைத்தார். காசு போட்டால் பண்டம் தரும் இயந்திரத்தையே அவர் உவமையாகச் சொன்னார். உவமை பொருத்தமானதே, ஆனால் அந்த இயந்திரத்துக்குள் இருப்பது சில போத்தல் குளிர்பானம். அதற்குள் பத்துக் கோடி டாலரை வைத்துக் கதவருகே ஆளே வேண்டாம் என்று சொன்னபோதுதான் சிக்கல் தொடங்கியது.

இந்த ஒப்பந்தங்களில் நேரும் இழப்புகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சாவியைத் திருடுவது ஒரு வகை. நிரல் எழுதியவர் கூட்டலுக்குக் கழித்தல் போட்டுவிடுவது இன்னொரு வகை. மூன்றாவது வகையே ஈண்டு ஆராயத் தக்கது. அதில் சாவி திருடப்படுவதில்லை, கணக்கிலும் பிழையில்லை. ஒவ்வொரு வரியும் எழுதியபடியே நடக்கும். ஆயினும் எழுதியவர் ஒருபோதும் எண்ணாத ஒன்று நடந்து முடிந்திருக்கும். தொழில் முறையின் தருக்கத்திலேயே உள்ள ஓட்டை என்று வல்லுநர் இதனைச் சொல்வர். தோட்டத்து மொழியில் சொன்னால், தராசு சரியாகத்தான் நிறுத்தது. கூடையில் கொழுந்து இல்லை.

முதலில் பெரிய அளவில் உலகம் கண்ட நிகழ்ச்சி 2016-இல் எதீரியம் என்னும் தொடரேட்டில் நடந்தது. 'தி டாவ்' என்னும் பொது முதலீட்டு நிதி அது. சில வாரங்களில் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள பணம் சேர்ந்தது. பங்கை எடுத்துக்கொண்டு விலக விரும்பியவருக்கு ஒப்பந்தம் முதலில் பணத்தைக் கொடுத்தது; கொடுத்த பின்னரே ஏட்டில் அவர் கணக்கைக் குறைத்தது. செக்ரோலில் குறிப்பதற்கு முன் சம்பளத்தைக் கையில் கொடுக்கும் கிராணியை எண்ணிப் பார்க்கலாம். வாங்கிய கை மீண்டும் நீள்கிறது, ஏட்டைப் பார்க்கிறார், இன்னும் கொடுக்கவில்லை என்றே இருக்கிறது, மறுபடியும் கொடுக்கிறார். மனிதராயிருந்தால் இரண்டாம் முறை முகத்தைப் பார்த்திருப்பார். நிரலுக்கு முகம் தெரியாது. 2016 ஜூன் 17-ஆம் நாள் சுமார் 36 லட்சம் ஈதர் இவ்வாறு வடிந்தது.

அதன் பின் நடந்ததே திறனாய்வாளர் கருத்தை ஈர்க்க வேண்டியது. அந்த நிதியின் நிபந்தனைகளில், விளக்கவுரைகள் எதுவாயினும் ஏட்டிலுள்ள நிரலே இறுதி என்று எழுதியிருந்தது. அப்படியானால் பணத்தை எடுத்தவர் நிரல் அனுமதித்ததைத்தானே செய்தார்? இந்த வாதம் அப்போதே எழுந்தது. ஆனால் ஜூலை 20-ஆம் நாள், பெரும்பாலோர் உடன்பாட்டுடன், தொடரேடே மாற்றி எழுதப்பட்டு வடிந்த பணம் உரியவர்களுக்குத் திருப்பி வைக்கப்பட்டது. எழுத்தே இறுதி என்ற கொள்கையை விட மறுத்த சிலர் பழைய ஏட்டைத் தொடர்ந்து நடத்தினர். எதீரியம் கிளாசிக் என்ற பெயரில் அது தனியே நிற்கிறது. எந்த மனிதரும் தலையிட முடியாது என்று பெருமை பேசியவர்கள், தங்கள் பணம் போனபோது தலையிட்டார்கள். அது தவறென்று சொல்வதற்கில்லை. தலையிட முடியாது என்று சொன்னதே தவறு.

இதனினும் நுட்பமானது 2022 அக்டோபரில் மேங்கோ மார்க்கெட்ஸ் என்னும் கடன் களத்தில் நேர்ந்தது. அதனை நன்கு விளங்கிக்கொள்ள இலங்கைத் தோட்டங்களின் பழைய வழக்கம் ஒன்றை நினைவுகூர்வது பயன்படும். மில்ன் போன்றவர்கள் தேயிலைத் தொழிலைக் கற்ற உலகம் அது.

அங்கே 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுக்கும். அது அவர் கீழுள்ள ஆட்களின் கடனாக ஏறும். கங்காணி வேறு தோட்டம் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டம் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களைப் பெறும். கங்காணிக்கு மேலும் முன்பணம் கொடுக்கும். அடுத்த துண்டில் தொகை இன்னும் கூடியிருக்கும். அந்த எண் எதனை அளந்தது? ஆட்கள் வாங்கித் தின்ற அரிசியையா, உடுத்த துணியையா? இரண்டையும் அன்று. அடுத்த தோட்டத்தின் ஆள் தேவையை வைத்து ஏறிய எண் அது. ஆயினும் அதனையே ஆட்களின் மதிப்பாகக் கொண்டு துரைமார் பணம் கொடுத்தனர். துண்டைச் சுமந்து சென்றவருக்கு ஆதாயம். துண்டில் பெயர் இருந்தவர்களுக்குக் கடன். பொய்க் கையொப்பம் எங்கும் இல்லை. 1921-இல் இலங்கை அரசு துண்டு முறையைச் சட்டத்தால் தடுக்கும் வரையில் இது நடந்தது.

மேங்கோவில் நடந்தது இதன் மின்னல் வேகப் பதிப்பு எனலாம். அந்தக் களத்துக்குச் சொந்தமான டோக்கன் ஒன்று இருந்தது. அதன் சந்தை விலையை வெளியிலிருந்து பார்த்து வந்து சொல்லும் ஒரு விலைகூறி நிரலும் இருந்தது. விலைகூறி சொல்லும் எண்ணே ஈட்டின் மதிப்பு என்பது விதி. ஆவ்ரஹாம் ஐசன்பர்க் என்பவர் இரண்டு கணக்குகளில் தலா 50 லட்சம் டாலர் போட்டு, ஒன்று விற்கவும் மற்றொன்று வாங்கவுமாகத் தமக்குத் தாமே எதிர்கால விலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். பிறகு வெளிச் சந்தைகளில் அந்த டோக்கனை வாங்கிக் குவித்தார். கொள்வோர் குறைந்த சிறு சந்தை. சில சென்ட் விற்ற பண்டம் ஒரு மணி நேரத்துக்குள் 90 சென்ட் வரை ஏறியது. வாங்கிய கணக்கின் மதிப்பு ஏட்டில் வானளாவ உயர்ந்தது. அதனை ஈடாகக் காட்டிக் களத்திலிருந்த பிறர் பணம் சுமார் 11 கோடி டாலரைக் 'கடனாக' எடுத்துக்கொண்டார். டோக்கன் விலை உடனே விழுந்தது. விலைகூறி பொய் சொன்னதா? இல்லை, சந்தையில் அந்த நொடியில் அந்த விலைதான் இருந்தது. துண்டில் இருந்த தொகையும் அப்படித்தான் உண்மையாயிருந்தது.

எடுத்தவர் மறையவில்லை. களத்தின் பங்காளர் வாக்கெடுப்பின் பேரில் சுமார் 6 கோடி 70 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு, தாம் செய்தது சட்டத்துக்குட்பட்ட திறந்த சந்தை வணிகமே என்று பகிரங்கமாகக் கூறினார். வழக்கு வந்தது. 2024 ஏப்ரலில் நியூயார்க் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2025 மே மாதத்தில் நீதிபதி அருண் சுப்பிரமணியன் அந்த முடிவைத் தள்ளினார். சந்தையைத் திரித்தது பற்றிய குற்றங்களை அந்த நகரத்தில் விசாரித்தது பொருந்தாது என்பது ஒரு காரணம். மற்றொன்று ஆழமானது: மோசடி என்றால் யாருக்கேனும் பொய் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் களத்தில் கடனைத் திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதியும் கேட்கப்படவில்லை, விலையை ஏற்றாதே என்ற தடையும் எழுதப்படவில்லை, ஆகையால் பொய்யுரைத்ததற்குப் போதிய சான்று இல்லை என்பது.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு நிரலே சட்டம் என்பவர்கள் மகிழ்ந்தார்கள். அவசரப்பட்ட மகிழ்ச்சி அது. செய்தது நேர்மை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. மனிதரை நீக்கிவிட்டு வைத்த கடையில் மனிதரை ஏமாற்றியதாக எவ்வாறு நிறுவுவது என்பதே அதன் கேள்வி. கடை வைத்தவர்கள் விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.

2022 ஏப்ரல் 17-இல் பீன்ஸ்டாக் என்னும் அமைப்பில் நடந்ததையும் இங்கே குறிப்பிடலாம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு உள்ளவர் அவசரத் தீர்மானத்தை ஒரு நாள் இடைவெளியில் நிறைவேற்றலாம் என்பது அதன் விதி. ஒருவர், அமைப்பின் சொத்தையெல்லாம் தமக்கு மாற்றும் தீர்மானத்தை முந்திய நாளே வைத்துவிட்டார். உக்ரேனுக்கு இரண்டரை லட்சம் டாலர் கொடை என்று இன்னொரு தீர்மானமும் துணைக்கு இருந்தது. மறுநாள் மின்னல் கடன் எனப்படும் முறையில், ஒரே நடவடிக்கைக்குள் வாங்கி அதே நடவடிக்கைக்குள் திருப்பும் கடனாக, சுமார் 100 கோடி டாலரைப் பெற்றார், அதனால் வாக்குகளைப் பெற்றார், தீர்மானத்தை நிறைவேற்றினார், கடனையும் அடைத்தார். எல்லாம் கண்ணிமைக்கும் நேரம். அமைப்புக்குச் சுமார் 18 கோடி டாலர் நட்டம். வாக்கு என்பது அந்த அமைப்பில் நெடுநாள் பற்றுடையவரைக் குறிக்கும் என்று விதி எழுதியவர்கள் எண்ணினார்கள். விதி அளந்ததோ அந்த நொடியில் யார் கையில் எவ்வளவு என்பதை.

யூலர் என்னும் கடன் களத்தின் கதை வேறு விதமாக வியப்பூட்டும். அதில் ஒருவர் தம் வைப்பைக் களத்தின் பொதுக் காப்பு நிதிக்குக் கொடையாக அளிக்க ஒரு வழி பின்னர் சேர்க்கப்பட்டது. கொடுப்பவரை யார் சந்தேகிப்பார்? ஆகையால், கொடுத்த பின் அவர் கடனுக்குப் போதிய ஈடு மிஞ்சுகிறதா என்னும் சோதனை அந்த ஒரு வழியில் மட்டும் இல்லாமற் போயிற்று. 2023 மார்ச்சில் ஒருவர் பெருங்கடன் வாங்கி, ஈட்டைக் கொடையாகக் கொடுத்துத் தம்மையே திவாலாக்கிக்கொண்டார். திவாலான கணக்கின் ஈட்டைத் தள்ளுபடியில் எடுக்கலாம் என்னும் விதியின்படி, தம்முடைய மற்றொரு கணக்கால் தம்மையே ஏலம் எடுத்தார். சுமார் 19 கோடியே 70 லட்சம் டாலர் போயிற்று. தணிக்கையாளர் பலர் பார்த்த களம் அது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. பிடித்துப் பார்த்திருக்க வேண்டிய இடமும் உண்டு போலும். எடுத்தவர் சில வாரங்களில் பெரும்பகுதியையும் திருப்பிக் கொடுத்தார். களத்தின் பணம் காப்பாற்றப்பட்டது அவர் மனம் மாறியதால். ஒப்பந்தத்தின் எந்த விதியாலும் அன்று.

இத்தகைய ஓட்டைகள் எவ்வாறு அடைக்கப்படுகின்றன என்பதற்கும் மலாயா வரலாற்றில் ஒரு பழைய பாடம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவர ஒரு தோட்டம் கப்பற் செலவும் தரகும் கொடுக்கும். வந்தவர்களைப் பக்கத்துத் தோட்டம் சற்றுக் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொள்ளும். செலவு ஒருவருக்கு, ஆள் மற்றவருக்கு. செலவு செய்யாமல் ஆள் பெறுவதே ஆதாயமானால் எல்லோரும் அதனையே செய்வர், கொண்டுவருபவர் யார்? முன்பெல்லாம் இதற்கு மருந்து தண்டனையாக இருந்தது: ஒப்பந்தம் கட்டி, ஓடியவரைப் பிடித்துச் சிறையிடுவது. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி வேறு வழியை எடுத்தது. இந்தியத் தொழிலாளர் யாரிடம் எத்தனை நாள் வேலை செய்தாலும் அந்த நாட்களுக்கேற்ப அந்த முதலாளி நிதிக்கு வரி கட்ட வேண்டும்; கொண்டுவரும் செலவு நிதியிலிருந்து போகும். ஆளை இழுத்துக்கொண்டவரும் வரி கட்டியாக வேண்டும் என்று ஆனவுடன் இழுப்பதில் இருந்த இலவச ஆதாயம் போயிற்று. 1910-இல் இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலி முறையும் மலாயாவில் நின்றது. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடுக்கும் வரையில், கேமரன் மலைக்கு உரிய ஆட்கள் வந்ததும் இந்த ஏற்பாட்டின் காலத்தில்தான்.

காவலைக் கூட்டாமல் கணக்கை மாற்றியதே இதன் சிறப்பு. மையமில்லா நிதியிலும் நல்ல திருத்தங்கள் இவ்வகையினவே. ஒரு நொடி விலையை நம்பாமல் ஒரு கால அளவின் சராசரி விலையைக் கேட்பது, தீர்மானம் வைக்கப்படுவதற்கு முன்பே ஒருவரிடம் இருந்த வாக்கை மட்டும் எண்ணுவது, பணம் கொடுக்கும் முன் ஏட்டில் குறிப்பது ஆகியன இன்று பழகிப்போன முறைகள். ஆனால் திருத்தமும் விதிதானே. அதற்கும் தன் சந்து உண்டு. காம்பவுண்ட் என்னும் களத்தில் மாற்றங்களுக்குக் காத்திருப்பு நாட்கள் வைக்கப்பட்டிருந்தன. அவசர மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு. 2021 செப்டம்பர் இறுதியில் ஒரு புதிய மாற்றத்தின் பிழையால் அந்தக் களம் தன் டோக்கன்களை உரிமையில்லாதவர்களுக்கெல்லாம் வாரி வழங்கத் தொடங்கியபோது, அதே காத்திருப்பால் ஒரு வாரம் கைகட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. நிறுவனர் ராபர்ட் லெஷ்னர், பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்புங்கள், இல்லையேல் வரித்துறைக்கு உங்கள் வருமானமாக அறிவிக்கப்படும் என்று எழுதினார்; எதிர்ப்பு எழவே, அப்படி எழுதியது மடமை என்று தாமே ஒப்புக்கொண்டார். அரசு வேண்டாம் என்று எழுந்த உலகம் முதல் நெருக்கடியில் வரித்துறையின் பெயரைச் சொன்னது நகைப்புக்குரியதுதான்.

குடியேற்ற நிதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அதனை நடத்திய குழுவில் இருந்தவர்கள் அதிகாரிகளும் தோட்டக்காரர்களும். கணக்கு மாறியதால் தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் ஏய்ப்பது குறைந்தது. கூடுதல் கூலி காட்டி அழைக்கும் பக்கத்துத் தோட்டத்தால் தொழிலாளிக்குக் கிடைத்த சிறு பேரமும் அதனோடு குறையத் தொடங்கியது. முதலாளிக்கு ஓட்டையாய்த் தோன்றியது தொழிலாளிக்கு ஒரு வாசலாய் இருந்தது. எது குறை, எது வசதி என்பது யார் பார்வையில் என்ற கேள்வியைத் தணிக்கை அறிக்கைகள் எழுப்புவதில்லை. பீன்ஸ்டாக் 2022 ஆகஸ்டில் மீண்டும் திறந்தபோது, தானே இயங்கும் வாக்கு முறையை விட்டுவிட்டு, குறிப்பிட்ட சிலர் கையொப்பமிட்டால்தான் எதுவும் நிறைவேறும் என்று ஏற்பாடு செய்தது. தராசின் பக்கத்தில் மீண்டும் கங்காணி வந்து நின்றார். வந்தது நன்று. அவரை யார் அமர்த்தினார், அவர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்பதையும் முதலீடு செய்பவர் கேட்க வேண்டும். தி டாவ் நிதியில் பணம் போட்டவர்கள் ஏட்டையே திருப்பி எழுதச் செய்யும் செல்வாக்கு உடையவர்களாயிருந்தார்கள். சிறிய களம் ஒன்றில் தன் சேமிப்பில் ஓராயிரம் வெள்ளியைப் போட்டு இழந்தவருக்காக எந்த ஏடும் திருப்பி எழுதப்படுவதில்லை.

நிரலே சட்டம் என்னும் தொடரைப் பற்றியும் ஒரு சொல். 1999-இல் லாரன்ஸ் லெஸ்ஸிக் என்னும் சட்டப் பேராசிரியர் வெளியிட்ட நூலால் அது பரவியது. கணினியின் அமைப்பே சட்டத்தைப் போல மனிதரைக் கட்டுப்படுத்தும். ஆகையால் அதனை எழுதுபவர்களைக் கண்காணியுங்கள் என்பது அவர் எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கொள்கையாக்கிக் கொடியில் எழுதிக்கொண்டவர்கள் பின்வந்தவர்கள். ஒப்பந்தம் என்பது எழுத்து மட்டுமன்று என்பதை மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தான் பின்பற்றிய 1872-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் போலவே, தெளிவாகச் சொல்கிறது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான கூற்று, பிழை ஆகியவற்றால் பெறாத இசைவே தன்னுரிமையான இசைவு என்பது அதன் 14-ஆம் பிரிவு. இசைவு மனத்தில் உள்ளது. மனமில்லாத இரண்டு நிரல்கள் ஒப்பந்தம் செய்தால் யாருடைய மனத்தைத் தேடுவது?

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி நேராகவே எழுந்தது. 2017 ஏப்ரலில் குவாயின் என்னும் மின்னாணயச் சந்தையில், பராமரிப்பில் நேர்ந்த தவறால் வெளி விலைகள் வருவது நின்றது, விலைப்பட்டியல் வெறுமையாயிற்று. பி2சி2 என்னும் வணிக நிறுவனத்தின் நிரலில், பட்டியல் வெறுமையானால் இன்ன விலை சொல் என்று ஓர் எண் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது: ஓர் ஈதருக்குப் பத்து பிட்காயின். அன்றைய சந்தை விலையைப் போல ஏறக்குறைய 250 மடங்கு. மறுபக்கத்து நிரல் அந்த விலைக்கு வாங்கியது. மறுநாள் சந்தை நடத்தியவர்கள் அதனைக் கண்டு வணிகத்தை நீக்கிவிட்டார்கள். நீக்கியது ஒப்பந்த மீறல் என்று 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர். நிரலுக்கு மனம் இல்லை. ஆகவே அதனை எழுதியவர் எழுதிய காலத்தில் என்ன அறிந்திருந்தார் என்பதையே பார்க்க வேண்டும். அவர் பிறர் பிழையைப் பறித்துக்கொள்ளத் திட்டமிட்டார் என்பதற்குச் சான்றில்லை என்பது அவர்கள் முடிவு.

இந்த அளவுகோலில் ஓர் இடர் இருக்கிறது. எழுதிய காலத்து மனத்தை மட்டும் பார்த்தால், பின்னொரு நாள் கூடையில் கொழுந்துக்குப் பதில் கல் வந்து விழுந்தாலும் தராசு செய்தவர் அறியார் என்று விட்டுவிட நேரும். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி மான்ஸ் வேறிடத்தில் நின்று பார்த்தார். நேர்மையும் அறிவும் உள்ள ஒரு வணிகர் அந்த வணிகம் நடந்த சூழ்நிலையை அறிந்து அதனைப் பார்த்திருந்தால் என்ன எண்ணியிருப்பார்? பெரும் பிழையொன்று நேர்ந்துவிட்டது என்று உடனே தெளிந்திருப்பார் என்பது அவர் கருத்து. அது சிறுபான்மைத் தீர்ப்பாகவே நிற்கிறது. மேங்கோவில் சில சென்ட் டோக்கன் 90 சென்டுக்கு ஏறியபோது, கூடைக்குள் கைவிட்டுப் பார்க்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.